கப்பலில் இருந்தவர்கள் யார்?

கடற்பயணம் என்றதும் உங்களுக்கு யாருடைய பெயர்கள் நினைவுக்கு வருகின்றன? கொலம்பஸ், மெகல்லன், வாஸ்கோடகாமா, காப்டன் குக். பாடப் புத்தகத்தில் படித்த பெயர்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். நல்லது. இப்போது வேறொரு கேள்வி. வாஸ்கோடகாமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்தாரே, அவருடைய கப்பலில் பாய்மரத்தில் ஏறிப் பாய் விரித்தவர் யார்? அடுப்பில் சோறோ ரொட்டியோ ஆக்கிப் போட்டவர் யார்?

பதில் தெரியவில்லையே என்று நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் ஆசிரியருக்கும் தெரியாது. பாடப் புத்தகம் எழுதியவருக்கும் தெரியாது.

காப்டன் ஒருவரே கப்பலை ஓட்டிவிட முடியாது. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள கிரீனிச் என்ற இடத்தில் 'கட்டி சார்க்' என்னும் பாய்மரக் கப்பலைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் கட்டி 1869-இல் கடலில் இறக்கிய கப்பல் அது. முதலில் சீனத் தேயிலையும், பின்னர் ஆஸ்திரேலியக் கம்பளியும் ஏற்றி வந்தது. நீளம் ஏறத்தாழ 65 மீட்டர். மூன்று பாய்மரங்கள். ஏறக்குறைய முப்பது பேர் சேர்ந்து அதை உலகின் மறுகோடி வரை ஓட்டிச் சென்று திரும்பினார்கள். அந்தக் கப்பலின் மரம், இரும்பு, கயிறு எல்லாவற்றையும் இன்றும் அளந்து பார்க்கலாம். ஆனால் அந்த முப்பது பேர்? அவர்கள் புத்தகம் எழுதவில்லை. அவர்களுக்குச் சிலையும் இல்லை.

இருந்தும் அவர்களில் பெரும்பாலோரைப் பெயர், வயது, பிறந்த ஊர், சம்பளம் உட்பட இன்று கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஒரு தாள், பல கட்டங்கள்

1835ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வெளிநாடு செல்லும் வாணிகக் கப்பலின் காப்டன், தன்னிடம் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரோடும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பயணம் முடிந்ததும் அந்தப் பட்டியலை அரசு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதற்குக் காரணம் மாலுமிகள் மீது கொண்ட பரிவு மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். போர் வந்தால் கடற்படைக்கு ஆள் வேண்டும். கடல் பழகிய ஆட்கள் எங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அரசு தெரிந்துகொள்ள விரும்பியது.

ஆக, வரலாறு எழுதுவதற்காக யாரும் அந்தத் தாளைத் தயாரிக்கவில்லை. ஆனாலும் கட்டங்களைப் பாருங்கள்: பெயர், வயது, பிறந்த ஊர், இதற்கு முன் வேலை செய்த கப்பல், சேர்ந்த நாள், சேர்ந்த துறைமுகம், என்ன வேலை, மாதச் சம்பளம், விலகிய நாள், விலகிய இடம், விலகிய காரணம், கடைசியாகக் கையெழுத்து.

ஒரு மாதிரி வரியைப் படித்துப் பார்ப்போமா? இது நானாக அமைத்த வரி. ஆனால் இதே போன்ற வரிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 'வயது 23. பிறந்த ஊர் நார்வே நாட்டின் பெர்கன். சேர்ந்த இடம் லிவர்பூல். வேலை மாலுமி. சம்பளம் மாதம் 3 பவுண்டு. விலகிய இடம் நியூயார்க். காரணம்: ஓடிவிட்டார். கையெழுத்து: ஒரு பெருக்கல் குறி.'

இவ்வளவுதான். ஆனால் இதற்குள் எத்தனை செய்திகள்! நார்வேக்காரர் ஆங்கிலேயக் கப்பலில் வேலை செய்கிறார். எழுதத் தெரியாதவர், அதனால் பெயருக்கு எதிரே குறி போட்டிருக்கிறார். நியூயார்க்கில் கப்பலை விட்டு ஓடுகிறார். ஏன் ஓடினார்? காப்டன் கொடுமைக்காரரா? சாப்பாடு மோசமா? நியூயார்க்கில் உறவினர் இருந்தாரா? ஒரு வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பத்தாயிரம் வரிகளைச் சேர்த்து எண்ணினால் சொல்லலாம்.

எண்ணிப் பார்த்தவர்கள்

அப்படி எண்ணியவர்கள் கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள நியூபவுண்ட்லாந்து தீவைச் சேர்ந்த மெமோரியல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள். 1976 முதல் 1982 வரை அவர்கள் ஒரு பெரிய திட்டத்தை நடத்தினார்கள். கிழக்குக் கனடாவில் பதிவான 19ஆம் நூற்றாண்டுக் கப்பல்களின் ஒப்பந்தத் தாள்களைப் படித்து, ஒவ்வொரு கட்டத்தையும் குறியீடாக மாற்றிக் கணிப்பொறிக்குக் கொடுத்தார்கள். அன்றைய கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். மங்கிய மையில் கிறுக்கிய ஊர்ப் பெயரை ஒரு மனிதர் கண்ணால் படித்துச் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

என்ன கிடைத்தது? முதலில், ஓடிப்போனவர்களைப் பற்றி. தப்பி ஓடியவர்கள் ஒன்றிரண்டு பேரல்ல, ஏராளம். அதுவும் எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே அளவில் ஓடவில்லை. வட அமெரிக்கத் துறைமுகங்களில் மாலுமிகளுக்குச் சம்பளம் அதிகம். லிவர்பூலில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தவர் அங்கே போய் இறங்கியதும், பக்கத்துக் கப்பலில் கிடைக்கும் சம்பளத்தைக் கேள்விப்படுகிறார். ஓடுகிறார். சேர்த்து வைத்த சம்பளப் பாக்கி போய்விடும் என்பது தெரிந்தேதான் ஓடுகிறார். வெறும் குடிப்பழக்கமும் பொறுப்பின்மையும்தான் காரணம் என்று கப்பல் முதலாளிகள் சொல்லி வந்தார்கள். சம்பளக் கட்டம் அதற்கு மறுப்புச் சொல்கிறது.

இரண்டாவது, கையெழுத்து. மாலுமிகள் என்றால் எழுத்தறியாத முரடர்கள் என்பது கதைகளில் வரும் படம். தாள்களில் பெரும்பாலோர் தம் பெயரைத் தாமே எழுதியிருக்கிறார்கள். பெருக்கல் குறி போட்டவர்கள் சிறுபான்மைதான். பெயரை மட்டும் எழுதப் பழகியவரும் அதில் இருப்பார் என்பது உண்மை. ஆயினும் பழைய படம் சரியில்லை.

மூன்றாவது செய்தி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கப்பலின் கொள்ளளவையும் அதிலிருந்த ஆட்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல, அதே அளவுள்ள கப்பலை முன்பைவிடக் குறைந்த ஆட்களே ஓட்டியிருக்கிறார்கள். கருவிகள் மேம்பட்டது ஒரு காரணம். முதலாளி சிக்கனம் பார்த்தது இன்னொரு காரணம். புயலில் பாய் சுருட்ட உயரே ஏறும்போது பக்கத்தில் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கையெழுத்து என்றால் சாதாரண விஷயம் அல்ல. ஒப்பந்தத்தில் ஒரு முறை குறி போட்டுவிட்டால், கப்பல் ஓட்டை என்று தெரிந்தாலும் ஏற மறுக்க முடியாது. மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றிய கப்பல்கள் மூழ்குவதையும், முதலாளிக்கு மட்டும் காப்பீட்டுப் பணம் வந்து சேருவதையும் எதிர்த்துச் சாமுவேல் பிலிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1873-இல் ஒரு நூலே வெளியிட்டார். 1876-இல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வரைந்திருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது பிலிம்சால் கோடு. அதற்கு மேல் நீர் ஏறும்படி சரக்கு ஏற்றக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை முதலில் கப்பல் முதலாளியே முடிவு செய்யலாம் என்று விட்டிருந்தார்கள்! 1890-இல்தான் அந்த உரிமை பறிபோனது.

பெயர் மாறும், எண் மாறாது

ஒரு மாலுமியைத் தேட வேண்டுமானால் முதலில் அவருடைய கப்பலைத் தேட வேண்டும். பட்டியல்கள் கப்பல் வாரியாகத்தான் கட்டி வைக்கப்பட்டுள்ளன, ஆள் வாரியாக அல்ல. இங்கே ஒரு சிக்கல். ஒரே பெயரில் இருபது கப்பல்கள் இருக்கும். விற்றவுடன் புது முதலாளி பெயரை மாற்றுவார். ஆகவே 1855 முதல் ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலுக்கும் ஓர் அதிகாரபூர்வ எண் கொடுத்தார்கள். கப்பலின் முக்கிய உத்திரத்தில் அதைச் செதுக்கியே விட்டார்கள். கட்டி சார்க்கின் எண் 63557. பெயர் மாறினாலும், பிரிட்டிஷ் பதிவில் இருக்கும்வரை எண் மாறாது.

இன்றைய கப்பல்களுக்கும் இப்படி ஏழு இலக்க எண் ஒன்று உண்டு. ஐ.எம்.ஓ. எண் என்பார்கள். அதில் ஒரு கணக்கு விளையாட்டு ஒளிந்திருக்கிறது. 9074729 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள். 63, 0, 35, 16, 21, 4. கூட்டினால் 139. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் 9. எண்ணின் ஏழாவது இலக்கமும் 9! எழுதும்போது ஓர் இலக்கம் தவறினால் கணக்கு பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். துறைமுகத்துக்குப் போனால் ஏதாவது ஒரு கப்பலின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து சோதித்துப் பாருங்கள்.

தாளும் பொய் சொல்லும்

எண் பொய் சொல்லாது. ஆள் சொல்வார். 1880-இல் கட்டி சார்க்கின் பட்டியலில் முதல் மேட் என்னும் துணை அதிகாரியின் பெயர் சிட்னி ஸ்மித். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், நடுக்கடலில், ஜான் பிரான்சிஸ் என்ற கறுப்பின மாலுமிக்கும் அவருக்கும் தகராறு ஏற்பட்டது. ஸ்மித் அடித்த அடியில் பிரான்சிஸ் இறந்தார். காப்டன் வாலஸ், கப்பல் ஜாவாத் தீவின் பக்கம் நின்றபோது ஸ்மித்தை வேறொரு கப்பலுக்குத் தப்பவிட்டார். மாலுமிகள் கொதித்துப் போய் வேலை செய்ய மறுத்தார்கள். காற்றும் நின்றுவிட்டது. சில நாட்கள் கழித்துக் காப்டன் கடலில் குதித்து உயிரை விட்டார். ஸ்மித் 1882-இல் லண்டனில் பிடிபட்டார். வழக்கு நடந்தபோது தெரிந்தது, அவருடைய உண்மைப் பெயர் ஜான் ஆண்டர்சன். ஏழு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆகவே பட்டியலில் உள்ள பெயரை அப்படியே நம்பிவிடக்கூடாது. ஓடிப்போனவர் அடுத்த கப்பலில் வேறு பெயர் சொல்வார். வேலைக்காகச் சிறுவர்கள் வயதைக் கூட்டிச் சொல்வார்கள், முதியவர்கள் குறைத்துச் சொல்வார்கள். ஊர்ப் பெயரை எழுத்தர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். ஆராய்ச்சியாளர் ஒரு தாளை இன்னொரு தாளோடும், துறைமுகக் குறிப்போடும், நீதிமன்ற ஏட்டோடும் ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இந்தக் கட்டி சார்க் நிகழ்ச்சியைக் கருவாக வைத்துப் பின்னாளில் ஒரு சிறுகதை எழுதியவர் ஜோசப் கான்ராட். போலந்துப் பெற்றோருக்குப் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்றவர். அவரே ஒரு மாலுமிதான். 1884-இல் 'ரிவர்ஸ்டேல்' என்ற கப்பலில் நம் சென்னைக்கு வந்து சேர்ந்தார். காப்டனோடு ஒத்துப்போகவில்லை. சென்னையிலேயே வேலையை விட்டுவிட்டு, பம்பாய்க்குப் போய், 'நார்சிசஸ்' என்ற கப்பலில் இரண்டாம் மேட் ஆகச் சேர்ந்தார். அது ஜூன் மாதம் பம்பாயை விட்டுப் புறப்பட்டு, அக்டோபரில் பிரான்சின் டன்கர்க் துறைமுகத்தை அடைந்தது. அந்தக் கப்பலின் பெயரைத் தலைப்பில் தாங்கி 1897-இல் அவருடைய நாவல் வெளிவந்தது. அதன் நடுநாயகமாக இருப்பவர் நோயுற்ற கறுப்பின மாலுமி ஒருவர். கரை சேருமுன் கடலிலேயே இறந்துவிடுகிறார்.

இது கற்பனையா, நடந்ததா? பிற்கால ஆய்வாளர்கள் நார்சிசஸ் கப்பலின் ஒப்பந்தத் தாளைத் தேடிப் பிடித்தார்கள். அதில் ஒரு வரி இருந்தது. ஜோசப் பாரன், வயது 35, 1884 செப்டம்பர் 24 அன்று கடலில் இறந்தார். கரை சேர மூன்று வாரமே பாக்கி. நாவலாசிரியர் அவருக்கு வேறு பெயரும் வேறு குணமும் கொடுத்துவிட்டார். பாரனுடைய சொந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்தது சம்பளக் கணக்குக்காகப் போட்ட ஒரு தாள்.

கிழித்துப் போட இருந்தார்கள்

இவ்வளவு அருமையான தாள்களுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? 1960களின் இறுதியில் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் இடமில்லை. 1861 முதல் 1938 வரையிலான பட்டியல்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. 10 விழுக்காட்டை மாதிரிக்காக வைத்துக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தார்கள். டைட்டானிக் போன்ற புகழ்பெற்ற கப்பல்களின் தாள்களை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். அங்கேயும் புகழுக்குத்தான் தனி இடம்! கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகம், 5 என்ற இலக்கத்தில் முடியும் ஆண்டுகளை வாங்கிக்கொண்டது. உள்ளூர்க் காப்பகங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டன. மீதி?

மாதிரி இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். சராசரி வயது, சராசரிச் சம்பளம் கணக்கிடப் போதும். ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொடரப் போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாலுமி வாழ்நாளில் 20 முறை கப்பலில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயர் 20 தாள்களில் இருக்கும். 10 விழுக்காடு மட்டும் மிஞ்சினால் சராசரியாக அவருக்கு 2 தாள்தான் மிஞ்சும். ஒரு தாள் அழிந்துபோக வாய்ப்பு 0.9. இருபதும் அழிந்துபோக வாய்ப்பு 0.9-ஐ இருபது முறை பெருக்கி வருவது, அதாவது ஏறத்தாழ 0.12. நூறு மாலுமிகளில் பன்னிரண்டு பேர் அடியோடு காணாமல் போய்விடுவார்கள். மற்றவர்களுக்கும் இங்கொரு தாள் அங்கொரு தாள். இருபது ஆண்டுக் கதை எப்படித் தெரியும்?

அந்த மீதியை 1971-இல் கேட்டு வாங்கிக்கொண்டது நாம் முன்பு பார்த்த மெமோரியல் பல்கலைக்கழகம். கீத் மாத்யூஸ் முதலிய வரலாற்று ஆசிரியர்கள் அதற்கு முன்னின்றார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு தாள்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூபவுண்ட்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. கப்பல்களைப் பற்றிய தாள்களும் கடல் தாண்டிப் போனது பொருத்தம்தான். இன்றும் அங்கேயே இருக்கின்றன. உலகின் எந்த மூலையிலிருந்தும் பேரன் பேத்திகள் எழுதிக் கேட்கிறார்கள்.

பழைய காகிதம் யாருக்கு எப்போது பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. கப்பலில் காற்றின் திசை, வேகம், இருக்கும் இடம் ஆகியவற்றை நாள்தோறும் குறிக்கும் ஏடு உண்டு. 2000 முதல் 2003 வரை ஐரோப்பிய விஞ்ஞானிகள் சிலர் 1750-க்கும் 1850-க்கும் இடைப்பட்ட ஆங்கில, டச்சு, பிரெஞ்சு, ஸ்பானிய ஏடுகளை எடுத்துப் படித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது பழைய காலத்துத் தட்பவெப்பம். நடுக்கடலில் வேறு யார் அதைக் குறித்து வைத்திருக்கப் போகிறார்கள்? ஆனால் அந்த மாலுமிகளிடம் காற்றை அளக்கும் கருவி இல்லை. 'மேல்பாயைச் சுருட்ட வேண்டிய காற்று' என்பது போன்ற சொற்களால்தான் எழுதினார்கள். நான்கு மொழிகளின் காற்றுச் சொற்களையும் ஒப்பிட்டு ஓர் அகராதியே தொகுக்க வேண்டியிருந்தது. தீர்க்கரேகைக்கும் ஒவ்வொருவர் ஒவ்வோர் இடத்தைப் பூச்சியமாக வைத்துக்கொண்டிருந்தார்கள்! கிரீனிச் எல்லோருக்கும் பொதுவானது பின்னால்தான்.

லஸ்கார்கள்

இதுவரை பார்த்த பட்டியல்களில் ஒருவருக்கு ஒரு வரி. அவரவர் கையெழுத்து. இந்திய மாலுமிகளுக்கு அப்படியல்ல.

பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகளை லஸ்கார் என்று அழைத்தார்கள். படை என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. முதல் உலகப்போர் தொடங்கிய 1914-இல் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் இருந்தார்கள். பிரிட்டிஷ் வாணிகக் கப்பல் மாலுமிகளில் ஆறில் ஒருவர் என்று சொல்லலாம். நீராவிக் கப்பலின் மேல்தளத்தில், அடியில் கொதிகலனுக்கு முன்னே நிலக்கரி வாரிப் போடும் இடத்தில், சமையல் அறையில் என்று எல்லா இடங்களிலும் அவர்கள். சில்ஹட், சிட்டகாங், நவகாளி, ரத்னகிரி, குஜராத், கோவா ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலோர்.

அவர்களுக்குத் தனி ஒப்பந்தத் தாள். செராங் என்ற தலைவர் மூலமாகக் கூட்டமாகச் சேர்க்கப்பட்டார்கள். சம்பளம் ஐரோப்பிய மாலுமி வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் ஐந்தில் ஒரு பங்கு. படுக்கும் இடத்துக்கும் சட்டத்தில் அளவு உண்டு. ஐரோப்பியருக்கு 72 கன அடி. லஸ்காருக்கு 36 கன அடி. மெட்ரிக் அளவில் இது ஏறத்தாழ ஒரு கன மீட்டர். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டர் உள்ள ஒரு பெட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு மனிதருக்கும் அவருடைய மூட்டைக்கும் சட்டம் கொடுத்த இடம் அவ்வளவுதான். 1906-இல் ஐரோப்பியருக்கு 120 கன அடி ஆயிற்று. லஸ்காருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

லஸ்கார் தாள்களைப் படிக்கும் ஆராய்ச்சியாளர் திணறிப் போகிறார். தந்தை பெயரில்லாமல் அலி, அப்துல் என்று ஒற்றைப் பெயர்கள். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய கிராமங்கள். நார்வேக்காரரைத் தேடிப் பிடித்துவிடலாம். சில்ஹட்டுக்காரரைத் தேடுவது கடினம். ஒரே காலத்தில், ஒரே கப்பலில் வேலை செய்தவர்கள்தாம் இருவரும்.

சொற்கள் மட்டும் நல்ல தடயங்கள். செராங்குக்கு அடுத்த நிலையில் இருந்தவரை ஆங்கிலேயர் 'டிண்டல்' என்று எழுதினார்கள். இது ஆங்கிலச் சொல்லன்று. தூத்துக்குடித் தோணியை நடத்திச் செல்பவரைத் தண்டல் என்று சொல்வார்கள், கேட்டிருக்கிறீர்களா? அதே சொல்தான். தென்னிந்தியக் கடற்கரையின் பழைய சொல் ஒன்று லண்டன் அரசுத் தாள்களில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

போரில் உயிரிழந்த லஸ்கார்களுக்காகக் கொல்கத்தாவில் உக்ளி ஆற்றங்கரையில் 1924-இல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். வங்காளத்தையும் அசாமையும் சேர்ந்த 896 பேருக்கான சின்னம் அது.

தாள் சொல்லாததை மனிதரிடம்தான் கேட்க வேண்டும். கரோலின் ஆடம்ஸ் என்ற பெண்மணி அதைச் செய்தார். கப்பலை விட்டு இறங்கி லண்டனின் கிழக்குப் பகுதியில் தங்கிவிட்ட சில்ஹட் முதியவர்களைத் தேடிப் போய், அவர்கள் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினார். 1987-இல் அது நூலாக வந்தது. நாம் கதையில் ஏழு கடல், ஏழு மலை தாண்டி என்கிறோம். வங்காளிகள் ஏழு கடல், பதின்மூன்று ஆறு தாண்டி என்பார்கள். அதையே நூலுக்குத் தலைப்பாக வைத்தார்.

நீங்களும் தேடலாம்

1915ஆம் ஆண்டுப் பட்டியல்களில் பெரும்பாலானவை கிரீனிச்சில் இருக்கின்றன, 5-இல் முடியும் ஆண்டு அல்லவா. தொண்டர்கள் பலர் சேர்ந்து அவற்றிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். இன்று பள்ளியின் கணிப்பொறியிலிருந்தே கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். பிறந்த ஊரைக் கொடுத்தும் தேடலாம். நம் ஊர்ப் பெயரை ஆங்கிலேயர் எப்படியெல்லாம் தவறாக எழுதியிருப்பார்கள் என்று முதலில் பத்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கடற்கரை ஊர்களில் வாழும் மாணவர்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு. தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ உங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் இருக்கக்கூடும். தோணியில் கொழும்புக்குப் போனவராக இருக்கலாம், பெரிய கப்பலில் உலகைச் சுற்றியவராக இருக்கலாம். போய்க் கேளுங்கள். 'தாத்தா, கடல் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நல்லா இருந்தது' என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார். அப்படிக் கேட்கக்கூடாது. முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, அதை வீட்டுக்கு எப்படி அனுப்பினீர்கள், எங்கே படுத்தீர்கள், யார் சமைத்தார்கள், காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள், வீட்டில் ஒரு துக்கம் நடந்தால் எத்தனை நாள் கழித்துத் தெரியும் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல அவர் சொற்களிலேயே எழுதுங்கள். உங்கள் பாடப் புத்தகத் தமிழுக்கு மாற்றிவிடாதீர்கள். தேதியும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய கப்பலில் போனவராக இருந்தால் அவரிடம் சி.டி.சி. என்ற கடலோடிச் சான்று ஏடு இருக்கும். பழைய பெட்டியில் துணிக்கு அடியில் கிடக்கும். அதில் ஒவ்வொரு கப்பலின் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், இடம் எல்லாம் முத்திரையோடு வரிசையாக இருக்கும். முதலில் அந்த வரிசையை அவர் அனுமதியோடு நோட்டில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் கப்பலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கப்பலாகக் கேளுங்கள்.